மலைநாட்டு வாசகரும் கைக்கணினியின் மின்கலமும்



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் பேட்டரியைப் பற்றி ஓர் உரையா என்று அவையோர் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். படிப்புக்குத் துணைநிற்கும் கருவிகளைப் பேணுவது புலமைக்குப் புறம்பான வேலை என்று தமிழ்ப் புலவர்கள் என்றும் எண்ணியதில்லை. ஓலையைப் பதப்படுத்தவும், எழுத்துத் தெளிய மையாடவும், செல்லரிக்காமல் ஏட்டைக் காக்கவும் தெரியாதவன் அன்று மாணாக்கனாகவே கருதப்படவில்லை. இரவில் படிக்க விளக்கு வேண்டும். திரியை எவ்வளவு தூண்டினால் எண்ணெய் விடியும்வரை தாங்கும் என்ற கணக்கும் அக்கல்வியின் ஒரு பகுதியே. தூண்டுகோல் என்ற சொல் இன்று மேடைகளில் உருவகமாக மட்டும் உலவுகிறது. அன்று அது அகல்விளக்கின் அருகே கிடந்த ஒரு சிறு குச்சி. டேப்லெட் என மக்கள் வழங்கும் கைக்கணினியில் ஒளிர்வைக் கூட்டவும் குறைக்கவும் விரலால் நகர்த்தும் கோடு அந்தக் குச்சியின் வழித்தோன்றல் எனலாம்.

பேட்டரிக்குத் தமிழில் மின்கலம் என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. கலம் என்பது பாண்டம். மரக்கலம், உண்கலம் என்பவற்றில் வரும் அதே சொல். ஆக்கியோர் எண்ணி ஆக்கினரோ இல்லையோ, பொருத்தமான பெயர் அது. கலத்துக்கு ஓர் அளவு உண்டு. விளிம்புவரை நிரப்பி வைத்தாலும் கேடு, அடியைச் சுரண்டினாலும் கேடு. இன்றைய மின்கலத்தின் இயல்பு முழுவதும் ஏறத்தாழ இவ்வளவே.

இம்மலைக்கும் மின்னாற்றலுக்கும் உள்ள உறவு விந்தையானது. 1932இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 900 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து சிங்காராவுக்கு இறங்கிய நீர், கோவையின் நூற்பாலைகளைச் சுழற்றியது. 1960களில் கனடா நாட்டின் உதவியோடு குந்தா திட்டம் எழுந்தது. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி என நீர்த்தேக்கங்கள் மலையின் மடியெங்கும் விரிந்தன. சமவெளி ஒளிபெற்றது. மலைமேல் வாழ்வோரோ தென்மேற்குப் பருவமழை வந்துவிட்டால் மெழுகுத்திரியைத் தேடுகின்றனர். மரம் ஒன்று கம்பியின்மேல் சாய்ந்தால் ஒரு சிற்றூர் முழுதும் இருளும். மண் சரிந்தால் அதைச் சீர்செய்ய வருவோர்க்கு வழியும் அடைபடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அணைகளை நிரப்பி மின்சாரம் பிறப்பிக்கும் அதே மழைதான் மின்கம்பங்களையும் சாய்த்தது.

மின்பொறியாளர் ஒருவரின் துணைவியாராய் இம்மலையில் வாழ்ந்த ராஜம் கிருஷ்ணன், படகர் வாழ்வை அருகிருந்து கண்டு 'குறிஞ்சித் தேன்' நாவலைப் படைத்தார். மின்சாரத்துறையின் இடமாற்ற ஆணைகள் தமிழ்ப் புனைகதைக்குச் செய்த நன்மையைப் பற்றி யாரேனும் ஆய்வேடு எழுதலாம், அது நிற்க. 2009இல், அவர் வாழ்ந்த காலத்திலேயே, அவருடைய நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. நாட்டுடைமையான நூலை எவரும் வெளியிடலாம், எவரும் படிக்கலாம். கைக்கணினியின் பேச்சு இங்கேதான் இலக்கியத்தின் பேச்சாகிறது.

1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க நூல்கள் முதல் இக்காலப் படைப்புகள் வரை மின்னெழுத்தில் தந்துவருகிறது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாக எழுந்து, பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் கொண்ட நிறுவனம், தன் மின்னூலகத்தை வளர்த்து வருகிறது. ஈழத்து நூல்களைத் திரட்டும் நூலகம் என்னும் தன்னார்வ முயற்சி 2005இல் பிறந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை நினைப்போர்க்கு அதன் அருமை விளங்கும்.

இந்த மூன்றாம் நூலகம் நீலகிரிக்குத் தனிப்பொருள் உடையது. 1964இல் சிறீமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் வழியே தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்க்கு வேலைதரும் நோக்கோடு 1968இல் அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. 1976இல் அது டான்டீ என்னும் கழகமாயிற்று. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளின் லைன் வீடுகளில் அக்குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறையினர் இன்று வாழ்கின்றனர். பாட்டனும் பாட்டியும் எந்த மலையில் கொழுந்து பறித்தனர், எந்தப் பாட்டைப் பாடினர், குடியுரிமை இழந்து எப்படித் தவித்தனர் என்பவற்றைச் சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் எழுதிவைத்தனர். அத்தகைய மலையக நூல்களின் அச்சுப் படிகள் உதகைக் கடைவீதியில் கிடைப்பதில்லை. 1859இல் தொடங்கிய நீலகிரி நூலகத்தின் அழகிய கட்டடம் உதகையில் உண்டு. ஆனால் அது ஆங்கிலேயர் தமக்கென அமைத்துக்கொண்டது. சேரம்பாடித் தோட்டத்துப் பெண்ணின் கைக்கு எட்டும் தொலைவில் அது என்றும் இருந்ததில்லை. அவளுக்கு வாய்த்தது ஒரு பழைய கைக்கணினி. அதுவும் பிள்ளையின் படிப்புக்காக வாங்கியதோ, யாரோ பயன்படுத்திக் கழித்ததோ ஆகும். மாலையில் தோட்ட வேலை முடிந்து, சமையல் முடிந்து, அவள் நூலைத் திறக்கும் வேளையில் அக்கருவியில் எஞ்சியிருக்கும் மின்னேற்றம் எவ்வளவு என்பதே அவள் எத்தனை பக்கம் படிப்பாள் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆதலின் மின்கலத்தைப் பேணும் முறைகளை ஒழுங்காக அறிவது நன்று. பேட்டரி நீடிக்க வேண்டும் என்று மக்கள் சொல்லும்போது இரண்டு பொருள்களை ஒன்றாகக் குழப்புகின்றனர். ஒருமுறை ஏற்றிய மின் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது ஒன்று. அம்மின்கலம் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது மற்றொன்று. முன்னது அன்றாடச் சிக்கனம், பின்னது ஆயுள். ஒன்றுக்கு நன்மையாவது சில வேளைகளில் மற்றொன்றுக்குத் தீமையாகும்.

சிக்கனத்தை முதலில் நோக்கலாம். படிக்கும் கருவியில் மிகுதியாக மின்னை உண்பது திரையின் ஒளியே. மூடுபனி சூழ்ந்த பிற்பகலில் வீட்டுக்குள் படிப்போர்க்கு அரைப்பங்கு ஒளிர்வுகூட வேண்டாம். ஆயினும் காலையில் வெளியே வெயிலில் கூட்டிய ஒளிர்வை அப்படியே விட்டுவிடுவது பலரின் வழக்கம். கருநிறப் பின்புலத்தில் வெள்ளெழுத்தாகப் படித்தால் மின் மிஞ்சும் என்பது பரவலான நம்பிக்கை. ஓ.எல்.இ.டி. திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் அங்கு அது உண்மை. மலிவான கைக்கணினிகள் பெரும்பாலானவற்றில் இருப்பது எல்.சி.டி. திரை. அதில் பின்னால் எரியும் விளக்கு, எழுத்து எந்த நிறமாயினும் எரிந்துகொண்டே இருக்கும். கருநிறத்தால் கண்ணுக்கு இதம் கிடைக்கலாம், மின் மிஞ்சாது. கிண்டில் போன்ற மின்மைத் திரைக் கருவிகளின் நிலை வேறு. பக்கம் புரளும்போது மட்டுமே அவற்றின் திரை மின்னைக் கொள்கிறது; பக்கம் நிலைத்தபின் ஏட்டைப்போல் சும்மா கிடக்கிறது. அதனால்தான் அவை வாரக்கணக்கில் தாங்குகின்றன. நூல் மட்டுமே படிப்பவர்க்கு அவையே ஏற்றவை. பிள்ளையின் பாடமும் குடும்பத்தின் காணொளியும் ஒரே கருவியில் நடக்க வேண்டிய வீட்டுக்கு அந்த அறிவுரை உதவாது.

திரைக்கு அடுத்தபடியாக மலைநாட்டில் மின்னைக் குடிப்பது சிக்னல். இது சமவெளியில் வாழ்வோர் அதிகம் உணராத செய்தி. சிம் அட்டை பொருந்திய கருவி, கோபுரம் தொலைவில் இருந்தால் தன் குரலை உயர்த்துகிறது. அதாவது அலைபரப்பும் ஆற்றலைக் கூட்டுகிறது. இடையே ஒரு குன்று மறைத்தால் மீண்டும் மீண்டும் தேடுகிறது. பள்ளத்தாக்கின் அடியில் உள்ள லைன் வீட்டில், யாரும் தொடாமல் மேசைமேல் கிடக்கும் கருவியே விடிவதற்குள் பெரும்பங்கு மின்னை இழப்பது இத்தேடலால்தான். சிம் இல்லாத கைக்கணினிக்கு இத்தொல்லை இல்லை. ஆனால் அதற்கு இணையம் ஈயும் கைப்பேசி அத்தொல்லையைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது.

இதற்கு மருந்து எளிது. உதகைக்கோ குன்னூருக்கோ சந்தைக்கு வரும் நாளில், சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் நின்று, வாரத்துக்கு வேண்டிய நூல்களைப் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்குச் சென்றதும் விமானப் பயன்முறையை இட்டுவிட்டுப் படிக்கலாம். அரிசி, பருப்பு வாங்குவது போல நூலையும் வாரச்சந்தையில் வாங்கிச் செல்லும் இம்முறை மலைவாழ்வுக்குப் புதிதன்று. அவ்வாறு படிக்கும்போது வேறு நன்மையும் விளைகிறது: செய்திகள் வந்து கவனத்தைக் கலைப்பதில்லை.

அடுத்தது நூலின் வடிவம். கவிஞர்களும் பதிப்பாசிரியர்களும் நிறைந்த இவ்வவையில் இதனைச் சற்று விரித்துரைப்பது தகும். மின்னூல் என்று வழங்குவன இருவகைப்படும். ஒன்று எழுத்தை எழுத்தாகவே கொண்டது. ஒருங்குறியில் அமைந்த நூல் அவ்வகை. மற்றொன்று அச்சுப்பக்கத்தைப் படம்பிடித்து அடுக்கிய பி.டி.எஃப். முன்னது பெரும்பாலும் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கும். பின்னது பல பத்து மெகாபைட் ஆவது இயல்பு. நலிந்த சிக்னலில் அதனை இறக்குவதற்கே கருவி நெடுநேரம் உழைக்க வேண்டும். திறந்தபின் ஒவ்வொரு பக்கத்தையும் விரித்துக் காட்டவும், எழுத்துச் சிறுத்திருப்பதால் பெரிதாக்கி இடமும் வலமும் நகர்த்தவும் மேலும் உழைப்பு. பழுப்பேறிய தாளைப் படமெடுத்திருந்தால் எழுத்தும் தாளும் ஒரே சாயலில் மங்கித் தோன்றும்; வாசகர் ஒளிர்வைக் கூட்டுவார். ஒருங்குறி நூலில் எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கினால் வரிகள் தாமே மடிந்து திரைக்குள் அமையும். குறைந்த ஒளிர்விலும் தெளியும். ஒரே நாவலை இருவடிவிலும் படித்துப் பார்த்தவர் இவ்வேறுபாட்டை உணர்வர்.

படவடிவ நூல்களை இழித்துரைப்பது இதன் நோக்கமன்று. அழிந்துகொண்டிருந்த அரிய பதிப்புகளைப் படமாகவேனும் காத்தவர்கள் உ.வே.சாமிநாதையர் ஏட்டைக் காத்த அதே வேலையைத்தான் செய்தனர். படமெடுப்பதோடு பணி முடிந்தது என்று கருதுவதே குறை. ஏட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டியதோடு ஐயரவர்கள் நின்றிருந்தால் தமிழுக்குக் கிட்டியது என்ன? பழம்பதிப்புகளாவது போகட்டும். கணினியிலேயே தட்டெழுதி, கணினியிலேயே வடிவமைத்த இக்காலக் கவிதைத் தொகுப்புகளையும் எழுத்தைப் படமாக்கி வெளியிடும் வழக்கம் பரவியிருக்கிறது. பழைய எழுத்துருக்களின் குழப்பத்தில் ஆளுக்கொரு குறியேற்றம் வழங்கிய நாளில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்ட பின்னும் அவ்வழக்கம் தொடர்வதற்குச் சோம்பல் தவிர வேறு காரணம் தோன்றவில்லை. அந்தச் சோம்பலின் விலையைச் சேரம்பாடியில் ஒருத்தி தன் மின்கலத்திலிருந்து செலுத்துகிறாள்.

இனி ஆயுளைப் பற்றியது. இன்றைய கருவிகளில் உள்ளது லித்தியம் அயனி மின்கலம். 1991இல் சோனி நிறுவனம் அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அதற்கு வழிகோலிய குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவர்க்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு பெறும்போது குடினஃப் அவர்களுக்கு அகவை 97. மின்கலத்தின் ஆயுளைப் பற்றி ஆராய்ந்தவர்க்கு நீண்ட ஆயுள் வாய்த்தது பொருத்தமே.

இதற்கு முந்தைய நிக்கல் காட்மியம் மின்கலங்களுக்கு முற்றும் தீர்ந்தபின்னரே மின்னேற்ற வேண்டும் என்ற விதி இருந்தது. அவ்விதி இன்றும் கடைகளில் அறிவுரையாகச் சொல்லப்படுகிறது. வாங்கிய முதல்நாள் எட்டுமணி நேரம் ஏற்ற வேண்டும் என்பதும் அக்காலத்து எச்சமே. லித்தியம் அயனிக்கு இவை வேண்டா. முற்றும் தீரவிடுவது அதற்குத் தீங்கும் ஆகும். 20 விழுக்காட்டுக்கும் 80 விழுக்காட்டுக்கும் இடையே வைத்துப் பயன்படுத்தினால் அது நெடுநாள் உழைக்கும். பாதி தீர்ந்ததும் ஏற்றுவதால் ஆயுள் குறையும் என்று அஞ்சவும் வேண்டா; இருமுறை பாதி ஏற்றினால்தான் ஒரு சுழற்சி கணக்காகும். 80 விழுக்காட்டில் தானே நிறுத்திக்கொள்ளும் அமைப்பு புதிய கருவிகள் பலவற்றில் உண்டு. சில மாதங்கள் எடுத்துவைக்க வேண்டுமாயின் பாதியளவு ஏற்றி வைப்பது நன்று.

இவ்விதிக்கும் மலைநாட்டு நடைமுறைக்கும் முரண் உண்டு. சூலை, ஆகஸ்டு மாதங்களில் மறுநாள் மின்சாரம் வருமா என்றே தெரியாத வீட்டில் 80 விழுக்காட்டோடு நிறுத்துவது அறிவுடைமை ஆகாது. மழைக்காலத்தில் முழுமையாக ஏற்றிக்கொள்ளலாம், தவறில்லை. மழை ஓய்ந்த மாதங்களில் அளவோடு ஏற்றலாம். நூலுக்காகத்தான் மின்கலம், மின்கலத்தின் நலத்துக்காக நூலை மூடிவைப்பது தலைகீழ்ப் பாடம். இடியும் மின்னலும் மிகுந்த ஐப்பசி மாலைகளில் மட்டும் கருவியைச் சுவரோடு பிணைத்து வைக்காதிருத்தல் வேண்டும்.

குளிரைப் பற்றி மலைமக்களிடையே அச்சம் உண்டு. மார்கழி, தை மாதங்களில் உதகையின் தாழ்நிலங்களில் உறைபனி வெள்ளைத் துணிபோல் படரும் வைகறையில், இரவு 40 விழுக்காடு காட்டிய கருவி திடுமென அணைந்துபோவதைக் கண்டோர் பலர். குளிரில் மின்கலத்தின் உள்ளே அயனிகளின் ஓட்டம் மந்தமாகிறது, மின்னழுத்தம் தாழ்கிறது, கலம் வறண்டதென்று கருவி தவறாக எண்ணி அணைகிறது. இது நிலையான இழப்பன்று. அறைச் சூட்டுக்கு வந்ததும் பெரும்பகுதி மீண்டுவிடும். ஆனால் கடுங்குளிரில் மின்னேற்றுவது வேறு. சுழிப் பாகைக்குக் கீழே ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து, கொள்ளளவு மீளாதபடி குறையும். வீட்டுக்குள் அவ்வளவு குளிர் அரிது. இரவெல்லாம் வண்டியில் கிடந்த கருவியை எடுத்தவுடன் மின்னேற்றியோடு இணைப்போர் கருத்தில் கொள்ள வேண்டியது இது. பனியிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குக் கொணர்ந்தால் மேலே ஈரம் பூக்கும். அது உலர்ந்தபின் இணைப்பதே முறை.

மெய்யான பகை வெப்பம். 35 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூழல் மின்கலத்தை நாள்தோறும் அரிக்கிறது. முழு மின்னேற்றமும் வெப்பமும் சேர்ந்தால் அரிப்பு இரட்டிப்பாகும். இவ்வகையில் நீலகிரியின் தட்பம் மின்கலத்துக்கு வரமாகும். அந்த வரத்தைக் கெடுப்பவை மனிதர் செயல்களே. குளிருக்கு அஞ்சிக் கருவியைக் கம்பளிக்குள் பொதிந்து மின்னேற்றுகின்றனர். மின்னேற்றத்தில் எழும் சூடு வெளியேற வழியின்றித் தேங்குகிறது. கணப்பு அடுப்பின் அருகே வைக்கின்றனர். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு உணவுக்குச் செல்கின்றனர். மூடிய வண்டிக்குள் வெயில்நேரத்தில் 50 பாகையைத் தாண்டுவது எளிது.

எவ்வளவு பேணினாலும் பல நூறு சுழற்சிகளுக்குப்பின் கலம் தளரும். தளர்ந்த மின்கலத்தை மாற்றிக்கொண்டால் கருவி மேலும் சில ஆண்டு உழைக்கும். புதிய கருவி வாங்குவதினும் செலவு குறைவு. மின்கலம் உப்பித் திரையைத் தூக்கினால் அன்றே பயன்பாட்டை நிறுத்த வேண்டும். குத்துதலோ அழுத்துதலோ தீப்பற்றச் செய்யும். பழைய மின்கலத்தைத் தேயிலைச் சரிவில் எறிவதும் குப்பையில் இடுவதும் கூடா. பயன்முடிந்த மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்தும் விதிகள் இந்தியாவில் 2022இல் வந்துள்ளன. நெகிழிப் பைக்கு மற்ற மாவட்டங்களுக்கு முன்னரே தடைகண்ட மலை இது. மின்கலக் கழிவிலும் அந்த விழிப்பு வேண்டும்.

வாசகர் செய்யக்கூடியன இவை. எழுதுவோர் செய்யக்கூடியன இன்னும் உள. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்கள் விக்கிமூலத்தில் படமாக ஏற்றப்பட்டு, எழுத்துணரியால் எழுத்தாக்கப்பட்டு, மெய்ப்புக் காணப்பட்டு வருகின்றன. எழுத்துணரி ரகரத்தைக் காலாகப் படிக்கும், றகரத்தில் தடுமாறும். பக்கத்தோடு பக்கம் ஒப்பிட்டுத் திருத்த மனிதக் கண் வேண்டும். தமிழறிந்த கண் வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு பக்கம் ஒருவர் திருத்தினால் ஓராண்டில் ஒரு பெருநாவல் முடியும். ஏடு ஒப்புநோக்கிய மரபில் வந்த தமிழாசிரியர்க்கு இதனினும் தக்க ஓய்வுவேலை இல்லை.

இவ்விழா மலரும் அச்சேறியபின் இணையத்தில் வரும் எனில், அச்சகத்தார் தரும் படக்கோப்போடு நில்லாமல், ஒருங்குறியில் அமைந்த சிறுகோப்பு ஒன்றையும் உடன் வெளியிடலாம். அட்டைப்படத்தையும் நிழற்படங்களையும் தனிக்கோப்பாகப் பிரித்துவிட்டால், கவிதைகளும் கட்டுரைகளும் சேர்ந்து ஒரு மெகாபைட்டைத் தாண்டமாட்டா. பந்தலூர்ப் பேருந்து நிலையத்தில் வண்டி புறப்படும் முன்னரே அது இறங்கி முடிந்திருக்கும்.